சுண்ணாம்புச் சத்து: ஒரு 'குறைபாட்டின்' வரலாறு

1

சேர்வராயன் மலையில், வெள்ளக்கடையில் ஒரு வீட்டு மாடத்தில் இரண்டு பொருள்கள் பக்கத்துல பக்கத்துல இருந்தன. ஒன்று, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு டப்பி. இன்னொன்று, பாதி தீர்ந்துபோன கால்சியம் மாத்திரை அட்டை. மாத்திரையைப் பாட்டிக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மருமகள் உண்டாகியிருந்தபோது கிராம நர்ஸ் கொடுத்தது. அவள் போட்டது போக மீந்ததைப் பாட்டி போட்டுக்கொள்கிறார். "எலும்பு தேய்ஞ்சு போச்சுன்னாங்க கண்ணு. இதுவும் சுண்ணாம்புதானாமே. தடவுறதுக்குப் பதிலா முழுங்கிட்டா ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

வேதியியல்படி பாட்டி சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. டப்பியில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. காற்றுப்பட வைத்திருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் கார்பனேட் ஆகும். மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். நம்ம ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் விற்கும் 'ஷெல்கால் 500' என்ற மாத்திரையின் பெயரிலேயே சிப்பி ஓடு இருக்கிறது. 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் 500 மில்லிகிராம் கால்சியம். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியவர்களுக்கு இது புதுக் கதை அல்ல.

அதற்காக வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக் கொண்டாட முடியாது. பாக்கும் புகையிலையும் சேர்ந்த தாம்பூலம் வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. புகையிலை இல்லாத தாம்பூலமும் அப்படியே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் சொல்லிவிட்டது. நம்முடைய கேள்வி வேறு. ஒரே சுண்ணாம்பு, டப்பியில் இருந்தால் 'பழக்கம்', அட்டையில் இருந்தால் 'சத்து' என்று ஆனது எப்படி? பாட்டியின் உடலில் ஏதோ ஒன்று 'குறைகிறது' என்று சொன்னது யார், எந்த அளவுகோலை வைத்து?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தருவதற்கு 2014இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தினம் இரண்டு மாத்திரை. பதினான்காவது வாரம் தொடங்கிப் பிரசவம் முடிந்து ஆறு மாதம் வரை. நல்லதுதான். ஆனால் பெண்ணின் எலும்பு அரசின் கண்ணில் படுவது அவள் பிள்ளை சுமக்கும்போதும் பால் கொடுக்கும்போதும்தான். மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து, எலும்பு வேகமாகக் கரையத் தொடங்குகிற வயதில் அவள் அட்டவணையிலிருந்து வெளியே போய்விடுகிறாள். பாட்டி போட்டுக்கொண்டது தாய்மைக்கு ஒதுக்கப்பட்டதன் மிச்சத்தை.

2

'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் இந்த ஒரு சொல் குறைந்தது இரண்டு வெவ்வேறு காரியங்களைச் செய்கிறது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பதும் 'தேய்மானம்'. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகி, வலியே காட்டாமல் இருந்து, ஒருநாள் வழுக்கி விழுந்தவுடன் மொடக்கென்று முறிவதும் 'தேய்மானம்'. முன்னதற்குக் கால்சியம் மாத்திரை மருந்தே அல்ல. பின்னதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். வலிக்கிறவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்கள், வலி போகாமல் அட்டைமேல் அட்டை வாங்குகிறார்கள். எலும்பு கரைகிறவர்களுக்கோ விழுகிற வரை எதுவும் தெரிவதில்லை. ஒரு சொல்லின் மங்கலில் ஒரு சந்தையே நடக்கிறது.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. ஒரு பக்கம் கரைக்கிற செல்கள், ஒரு பக்கம் கட்டுகிற செல்கள். சுமை ஏறினால் அந்தத் திசையில் எலும்பு தடிக்கும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதினார். இளவயதில் சேர்த்து வைத்ததிலிருந்துதான் முதுமையில் செலவு நடக்கிறது. அப்படியென்றால் எழுபது வயதுக்காரியின் எலும்பில் இருப்பது இன்றைய குறைபாடு மட்டுமல்ல. அவள் பிறந்ததிலிருந்து தின்றதும் தின்னாததும், சுமந்ததும் பெற்றதும் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எலும்பை ஒரு பிரதியாக வாசிப்பது என்று சொன்னால் கோட்பாட்டு ஜம்பம் மாதிரித் தெரியலாம். ஆனால் இங்கே அது அப்படியே உண்மை.

3

இந்தப் பிரதியை முதலில் வாசிக்கத் தொடங்கியவர்கள் இன்னொரு மலையில் இருந்தார்கள். நீலகிரியில், குன்னூரில், முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் சத்துக் குறைபாட்டு நோய்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது அதுதான். 1920களில் அவர் செய்த எலிச் சோதனை பிரசித்தம். சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, மராட்டியர் சாப்பாடு, வங்காளி சாப்பாடு, மதராஸி சாப்பாடு என்று எலிகளைப் பிரித்து ஊட்டினார். சீக்கிய எலி கொழுத்தது. மதராஸி எலி நோஞ்சானாக நின்றது.

இங்கே அறிவியலும் காலனியமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கோதுமை, பால், வெண்ணெய் கிடைத்தால் எலி வளரும் என்பது உண்மை. ஆனால் கேள்வி 'யாருக்கு என்ன கிடைக்கிறது' என்பதிலிருந்து 'எந்த இனம் என்ன தின்கிறது' என்பதாக மாற்றப்பட்டது. 'போர்க்குடி' என்றும் மற்றவர் என்றும் ராணுவம் ஏற்கனவே போட்டு வைத்திருந்த வரிசையை எலிக்கூண்டும் வழிமொழிந்தது. 'மதராஸி' என்று ஒரே உடல் கட்டப்பட்டது. தஞ்சாவூர் மிராசுதாரும் சேர்வராயன் மலையாளிப் பழங்குடியும் அதில் ஒன்று. மலையாளியோ அப்போது நெல்லுச்சோற்றைத் திருவிழாவில் பார்த்தவர்.

1935இல் பொறுப்புக்கு வந்த அய்க்ராய்ட் வேறு மாதிரி ஆள். 1937இல் அவர் தொகுத்த சிறு வெளியீடு, இந்திய உணவுகளில் எதில் என்ன இருக்கிறது என்று அட்டவணை போட்டது. அரிசியை நம்பியிருக்கும் ஏழைகளின் உணவில் கால்சியம் மிகக் குறைவு என்பதை அவரும் கிருஷ்ணனும் அழுத்திச் சொன்னார்கள். அதே பத்தாண்டின் இறுதியில் குழந்தைகளுக்குக் கால்சியம் லாக்டேட் கொடுத்துப் பார்த்தார்கள், வளர்ச்சி கூடியது. பால் வாங்க வழியில்லாதவனுக்கு உப்பைக் கொடுத்தாலும் கொஞ்சம் நடக்கும் என்று தெரிந்தது. கால்சியம் மாத்திரையின் தமிழக முன்வரலாறு இதுதான்: பாலுக்குப் பதிலாக ஒரு பொடி, கூலிக்குப் பதிலாக ஒரு சத்து. அய்க்ராய்டின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் வறுமையைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு வேதிப்பொருளைப் பற்றிய கண்டுபிடிப்பாகச் சுருங்குகிற இடம் இது. நிலத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய வாக்கியம் மில்லிகிராமில் முடிகிறது.

4

இனி சேர்வராயனுக்குத் திரும்பலாம். குன்னூர் அட்டவணையிலேயே இன்னொரு வரி இருந்தது. கேழ்வரகு. ராகி, கேப்பை, ஆரியம் என்று ஊருக்கு ஊர் பேர் வேற. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம். 2017இல் வந்த புதிய அட்டவணையில் 364. தீட்டிய அரிசியில் 10தான், புதிய கணக்கில் அதுவும் இல்லை. பசும்பாலில் 120 என்பது பழைய கணக்கு. இரண்டு வேளை களியும் கூழும் தின்றவருக்கு 200 கிராம் மாவில் கிட்டத்தட்ட 700 மில்லிகிராம். ஒன்றரை மாத்திரைக்குச் சமம்.

'சிறுதானியம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புனிதமாக்குகிறவர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. மலையில் அதே அளவு முக்கியமாக இருந்த சாமையில் கால்சியம் 17 மில்லிகிராம்தான். கேழ்வரகிலும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் அதைத் தளர்த்தும். இரவெல்லாம் புளிக்க வைத்த கூழுக்குப் பின்னால் இருந்தது வெறும் சிக்கனம் அல்ல. 1950களின் இறுதியில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் குழந்தைகளின் உணவில் அரிசிக்குப் பதில் கேழ்வரகைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடலில் தங்கிய கால்சியம் கூடியது. ஆக, தானியம் வேலை செய்கிறது என்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை.

அப்புறம் அது தட்டிலிருந்து எங்கே போனது? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டுச் சுற்றுலாக் கையேடுகள் அவரை 'ஏற்காட்டின் தந்தை' என்கின்றன. காப்பிக்குத் தேவைப்பட்டது சரிவு, நிழல், கூலி. மலையாளிகளின் காட்டுச் சாகுபடிக்கும் அதே சரிவுதான் தேவை. 1882 சென்னை வனச் சட்டம் வந்தபின் மிச்சக் காட்டிலும் கொத்தி விதைப்பது குற்றமாயிற்று. கீழே கஞ்சமலைப் பக்கம் இரும்பு, சேலத்தை ஒட்டி வெள்ளைக்கல் எனும் மேக்னசைட், மேலே மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் என்று மலையின் தாதுக்கள் எல்லாம் வெளியே போயின. மேக்னீசியமும் எலும்புக்கு வேண்டிய தாதுதான் என்று இன்று புட்டியில் விற்கிறார்கள். நாட்டின் பேர்பெற்ற மேக்னசைட் வயல் இந்த மலையின் காலடியில்தான் இருக்கிறது. அது உருக்காலை உலைகளுக்குச் செங்கல் ஆகப் போயிற்று. தாது இருக்கும் இடத்தில் உள்ளவர்களே தாதுக் குறைபாட்டுக்காரர்கள் என்பதை வேதியியல் முரணாக அல்ல, அரசியல் பொருளாதார முரணாகத்தான் வாசிக்க வேண்டும்.

மிச்சத்தை அரிசி செய்தது. இதை ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். 1967இல் 'ரூபாய்க்குப் படி அரிசி' என்றபோது அது பசிக்கு எதிரான குரல், சாதிக்கும் எதிரான குரல். நெல்லுச்சோறு மேல்சாதித் தட்டில் இருந்து எல்லார் தட்டுக்கும் இறங்கியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். 'ரேஷன் அரிசி தமிழனைச் சோம்பேறியாக்கியது' என்று பேசும் நடுத்தர வர்க்க வாயை நாம் வழிமொழிய முடியாது. அந்த அரிசி இல்லாவிட்டால் இந்தப் பாட்டி இன்று இருந்திருக்க மாட்டார். ஆனால் வயிற்றை நிரப்பிய கொள்கை எலும்பை மறந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "நாங்க சின்னப் புள்ளையில களி, ஓடை நண்டு, கீரை. சோறுன்னா பண்டிகை. இப்ப தெனம் பண்டிகைதான்" என்றார் பாட்டி. அதைப் புகாராகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும்தான் போல.

2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. இத்தனை பத்தாண்டு கழித்து இரண்டு கிலோ.

5

குறைபாட்டை அளப்பது எதைக்கொண்டு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை நீண்ட காலம் நாளைக்கு 400 மில்லிகிராம். 2010இல் 600. 2020இல் 1000, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. பாட்டி அதே பாட்டி, தட்டு அதே தட்டு. ஆனால் ஒவ்வொரு குழு கூடிக் கலையும்போதும் அவருடைய பற்றாக்குறை பெரிசாகிக்கொண்டே வந்தது. இது சதி அல்ல. சான்றுகள் மாறின, உலக அளவுகோல்களோடு பொருத்தினார்கள். ஆனால் 'குறைபாடு' என்பது உடலுக்குள் மட்டும் இருக்கிற ஒன்று அல்ல, உடலுக்கும் ஒரு அட்டவணைக்கும் நடுவில் இருக்கிற தூரம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அடர்த்தியின் கதையும் அப்படியே. 1980களின் இறுதியில் இரட்டை எக்ஸ்கதிர்க் கருவி வந்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு, இளம் பெண்களின் சராசரியிலிருந்து 2.5 படி கீழே போனால் எலும்புப்புரை என்று கோடு போட்டது. அந்த இளம் பெண்கள் வெள்ளைக்காரப் பெண்கள். ஃபூக்கோ உயிரதிகாரம் என்று சொன்னதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது: சராசரி ஒன்று நிறுவப்படுகிறது, உடல்கள் அதற்குக் கீழே வரிசையாக நிற்கின்றன. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால் நாமும் மோசடி செய்தவர்களாவோம். ஏனென்றால் முறிகிற எலும்பு சொல்லாடல் அல்ல. அது முறிகிறது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னா குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்கிறது. குறைந்த வருமானமுள்ள, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 289 பெண்கள். நாளொன்றுக்கு அவர்கள் உணவில் கிடைத்த கால்சியம் சராசரி 270 மில்லிகிராம். தொடை எலும்புக் கழுத்தில் சுமார் 29 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை அளவு. இது கிழவிகளின் கணக்கல்ல, வேலை செய்கிற பெண்களின் கணக்கு. பழைய 400இன்படி பார்த்தாலும் அவர்கள் கீழேதான். தானியத்தை மட்டும் கொடுத்துக் கலோரிக் கணக்கை முடித்துக்கொள்ளும் இந்திய ஊட்டச்சத்துச் சிந்தனையை சத்ருக்னா தொடர்ந்து விமர்சித்து வந்தார். பாலும் முட்டையும் இறைச்சியும் ஏழைக்கு 'ஆடம்பரம்' என்று தீர்மானித்தது அறிவியல் மட்டுமல்ல என்பதே அவர் விமர்சனத்தின் சாரம்.

6

அடர்த்தி கூடினால் பலம் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. இதற்குச் சாட்சி மலையின் வடக்கே, தர்மபுரியில் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. இந்தியாவில் எலும்பைத் தாக்கும் ஃபுளோரைடு நோயை ஷார்ட் குழுவினர் முதலில் விவரித்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அந்த எலும்புகள் படத்தில் வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும். ஆனால் முதுகு வளையாது, மூட்டு மடங்காது.

இதே தாதுவை மேற்கில் எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். 1990இல் அமெரிக்காவில் ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களிடம் நான்கு வருடம் நடத்திய சோதனை முடிவைச் சொன்னார்கள். சோடியம் ஃபுளோரைடும் கால்சியமும் சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ கூடிவிட்டது. கருவி பாஸ் போட்ட எலும்பு தரையில் ஃபெயில் ஆனது. அங்கே மருந்தாகக் கொடுத்து நாலு வருடத்தில் தெரிந்துகொண்டதை இங்கே கிணற்றில் குடித்து ஜனங்கள் பல தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அவர்களுக்கு வந்தது 2013இல்.

7

சரி, மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா? நேராகவே சொல்லிவிடலாம்.

1992இல் பிரான்சில் ஷாபுயி குழுவினர் முதியோர் இல்லங்களில் இருந்த 3270 பெண்களைச் சோதித்தார்கள். சராசரி வயது 84. 1200 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டியும் கொடுத்ததில் பதினெட்டு மாதத்தில் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவீதம் குறைவு. 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்கள். 1000 மில்லிகிராம் கால்சியம், 400 அலகு வைட்டமின் டி, சராசரி ஏழு வருடம். அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியது. இடுப்பு முறிவில் உறுதியாகச் சொல்லும்படி குறைவு இல்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2018இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, வீட்டில் வாழும் மாதவிடாய் நின்ற பெண்கள் முறிவைத் தடுப்பதற்கென்று இந்த அளவிலோ அதற்குக் குறைவாகவோ மாத்திரை சாப்பிட வேண்டாம் என்றது.

இரண்டு சோதனையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தோன்றும். அப்படியில்லை. அமெரிக்கப் பெண்கள் ஏற்கனவே உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து நாளைக்குச் சராசரி 1000 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்கள். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியும். பிரெஞ்சுக் கிழவிகள் வெயிலே படாமல், குறைவாகச் சாப்பிட்டு, அறைக்குள் கிடந்தவர்கள். குடம் காலி. ஆக மாத்திரை உதவக்கூடியது இல்லாதவர்களுக்கு, விற்கப்படுவதோ இருப்பவர்களுக்கு. நகரத்தில் நாளும் பாலும் தயிரும் சாப்பிடுகிற அம்மாக்கள் அட்டை அட்டையாக விழுங்க, 270 மில்லிகிராமில் வாழ்கிறவள் மருமகளின் மிச்சத்துக்குக் கை நீட்டுகிறாள்.

எனவே 'எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து, தூக்கிப் போடு பாட்டி' என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஏற்கனவே எலும்பு முறிந்தவர்களுக்கு அது கரைவதைத் தடுக்கும் தனி மருந்துகள் உண்டு. அவற்றோடு கால்சியமும் வேண்டியிருக்கும். அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. கூழைப் பாடிக்கொண்டே மாத்திரையை மறுப்பது நம் மாதிரிப் படித்தவர்களுக்குச் சுலபம். முறியப் போவது நம்ம இடுப்பு இல்லையே.

அந்த இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி வெளிக்குப் போக இருட்டில் இறங்குகிற ஈரச் சரிவு. கண்ணில் புரை. விழுந்தால் ரோடு வரைக்கும் நாலு பேர் தூக்க வேண்டும். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம். அறுவை சிகிச்சை நடந்தாலும் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. முறிவைத் தடுப்பது என்றால் கால்சியம் மட்டுமல்ல. வாசலில் ஒரு விளக்கு, வீட்டோடு ஒரு கழிப்பறை, கண்ணுக்கு ஒரு அறுவை, கைக்கு ஒரு தடி. இவை எதுவும் மருந்துக் கடையில் கிடைக்காது. ஆகவே இவற்றுக்கு விளம்பரமும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது என்ன என்பது இதிலிருந்து தானே வரும். கர்ப்பிணிக்குக் கிடைப்பது, தேவையென்று பார்த்து அறுபது தாண்டிய ஏழைப் பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே கிடைக்க வேண்டும். மலை ரேஷன் கடையில் கேழ்வரகு, சத்துணவில் முட்டைபோல, கேட்டு வாங்கும் உரிமையாக வேண்டும். கேழ்வரகு விளைய நிலம் வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் ஏட்டில் சொல்கிற நிலம். முதல் கோரிக்கையை மட்டும் வைத்தால் அய்க்ராய்டின் பொடியோடு நின்றுவிடுவோம். கடைசியை மட்டும் வைத்தால் பாட்டியின் ஆயுளுக்குள் எதுவும் வந்து சேராது.

கிளம்பும்போது, மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்க பாட்டி, கார்பனேட் அப்பதான் நல்லா சேரும், முதல்ல ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க என்றேன். எனக்குத் தெரிந்ததை அப்போதைக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். "எந்தச் சாப்பாட்டோட?" என்று கேட்டார். அரிசியா களியா என்றுதான் கேட்டிருப்பார்.